அளந்து மாடல் செய்ய எந்தப் பொருளை எடுப்பது: மௌஸா, ஸ்டேப்ளரா, கிளிக் பேனாவா?

திருகாணி:

எல்லோருக்கும் வணக்கம். முப்பரிமாண மாடலிங்கில் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டேன். ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், ரிவால்வ், ஃபில்லட், அசெம்பிளி வரை கை பழகியிருக்கிறது. ஆனால் இதுவரை செய்ததெல்லாம் யாரோ போட்டுக் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துச் செய்தது. அடுத்து, அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொருளைப் பிரித்து, நானே அளந்து, ஒவ்வொரு பாகத்தையும் மாடல் செய்து அசெம்பிளியாகச் சேர்க்க வேண்டும். ரிவர்ஸ் எஞ்சினியரிங் பயிற்சி. பொருளை நானே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கைவசம் இருப்பவை: ஒரு டிஜிட்டல் காலிப்பர் (தாடைகளுக்கு நடுவே வைத்து அளக்கும் கருவி), இரும்பு ஸ்கேல், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட். யோசித்து வைத்திருக்கும் பொருட்கள்: கம்ப்யூட்டர் மௌஸ், ஸ்டேப்ளர், கிளிக் பேனா, ஸ்பூன். மௌஸ் பக்கம்தான் மனம் போகிறது. ரெண்டர் (மாடலின் நிஜம் போன்ற படம்) எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஸ்பூன் ரொம்ப எளிது என்பதால் வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

பழைய பட்டறை:

தம்பி, மௌஸையும் விடுங்கள், ஸ்பூனையும் விடுங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: காலிப்பரை எங்கே வைப்பீர்கள்?

மௌஸின் மேல்மூடியை எடுத்துப் பாருங்கள். தட்டையான முகம் ஒன்றும் கிடையாது. உள்ளங்கைக்கு ஏற்றாற்போல எல்லாப் பக்கமும் வளைந்து போகும். இருபது இடத்தில் உயரம் எடுத்து, அந்தப் புள்ளிகளை ஸ்ப்லைன் என்ற வளைகோட்டால் கோத்து, கோடுகளுக்கு நடுவே பரப்பை விரிக்கும் லாஃப்ட் போட்டால் தூரத்திலிருந்து மௌஸ் மாதிரி தெரியும். பரப்பின் வழுவழுப்பைச் சோதிக்கும் ஜீப்ரா கோடு போட்டுப் பாருங்கள், வரிகள் நெளிந்தும் உடைந்தும் நிற்கும். அசல் மூடியில் அவை வழுவழுவென்று ஓடும். அதை வடிவமைத்தவர்கள் பரப்பு மாடலிங்கையே தொழிலாகச் செய்கிறவர்கள். வளைவு ஒரு பரப்பிலிருந்து அடுத்த பரப்புக்கு வெட்டு விழாமல் போக வேண்டும் என்பதற்கே மல்லுக்கட்டுவார்கள். அடிப்படைப் பாடம் முடித்த கையோடு அதில் இறங்கினால் ஒப்பேற்றல்தான் நடக்கும்.

ஸ்பூன் எளிது என்றீர்களே, அது மௌஸைவிட மோசம். ஒரே பாகம்தான், சரி. ஆனால் நேர்விளிம்பு ஒன்றுகூட இல்லை. தடிமன் இடத்துக்கு இடம் மாறும். குழி ஆழமான இடம் நடுவில்கூட இருக்காது. கைப்பிடி ஒரு பக்கம் வளைந்துகொண்டே அகலமும் மாறிக்கொண்டு போகும். எங்கிருந்து அளப்பது என்பதே தெரியாது. கண்ணுக்கு எளிமையாகத் தெரிவது வேறு, மாடலிங்கில் எளிமை வேறு.

வெட்டியது, மடித்தது, கடைந்தது, துளைத்தது என்று ஏதாவது ஒரு இயந்திர வேலையின் தடம் தெரிகிற பொருளாக எடுங்கள். அந்த வேலை எப்படி நடந்ததோ அதே வரிசையில் மாடலும் வரும். உங்கள் பட்டியலில் ஸ்டேப்ளரும் பேனாவும் தேறும்.

மெஷ்மாயாவி:

இந்தக் காலத்தில் காலிப்பரோடு ஏன் போராட வேண்டும்? போனிலேயே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தால் போட்டோகிராமெட்ரி மாடல் ஆக்கிவிடும். பளபளப்பான பரப்பாக இருந்தால் மேலே லேசாக டால்க் பவுடர் தூவினால் போதும். மௌஸ் மூடியெல்லாம் தூசு மாதிரி முடிந்துவிடும். ஓட்டு: மௌஸ்.

பழைய பட்டறை:

ஸ்கேன் எடுப்பது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து வருவது என்ன? எஸ்டிஎல் கோப்பு. லட்சக்கணக்கான முக்கோணங்கள். அதற்குள் துளை என்று ஒன்று இருப்பதே அந்தக் கோப்புக்குத் தெரியாது. விட்டத்தை 3லிருந்து 3.2 ஆக்கு என்றால் எதை மாற்றுவீர்கள்? போட்டோகிராமெட்ரியில் வேறு, அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைக்காவிட்டால் வடிவம் வரும், அளவு வராது. ஸ்கேனைக் கீழே போட்டு அதன்மேல் ஸ்கெட்ச் வரைந்து முழு மாடல் செய்வது நல்ல வழிதான். அப்போதும் ஸ்கெட்ச் நீங்கள்தான் போட வேண்டும்.

மெஷ்மாயாவி:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. வளைவான பாகத்துக்குக் காலிப்பர் எதற்கும் ஆகாது, அங்கே மெஷ், அதாவது அந்த முக்கோண வலைதான் கைகொடுக்கும். ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை: தட்டையான பாகங்களை ஆவணம் ஸ்கேன் செய்யும் கண்ணாடி மேல் வைத்து ஸ்கேன் எடுங்கள். 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஒரு பிக்சல் 0.021 மி.மீ. வரும். பக்கத்தில் இரும்பு ஸ்கேலையும் வைத்துவிட்டால் அளவு சரிபார்க்கலாம். போனில் எடுப்பதாக இருந்தால் கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் பெர்ஸ்பெக்டிவ் பிழை குறையும். ஸ்கேல் பொருளின் மேல்முகத்தின் உயரத்திலேயே இருக்க வேண்டும். மேசைமேல் கிடந்தால் அளவு தப்பும்.

கோணமானி:

நடுவில் ஒரு பழைய கதை. அன்றாடப் பொருளைக் கையால் அளந்து கணினிக்குள் ஏற்றுவது இன்று நேற்று வந்த விளையாட்டு இல்லை. 1972இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலை முன்னோடி ஐவன் சதர்லண்டின் மாணவர்கள் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை எடுத்துக்கொண்டார்கள். சதர்லண்டின் மனைவியின் கார் அது. காரின் உடம்பு மேலேயே புள்ளியும் கோடும் போட்டு, அளவுகோலால் ஒவ்வொரு புள்ளியாக அளந்து, பலகோணங்களாகக் கணினியில் ஏற்றினார்கள்.

1975இல் அதே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளர் ஒரு தேநீர்க் கெண்டியை மாடல் செய்தார். இன்றைக்கும் பல மென்பொருட்களில் சோதனை வடிவமாக இருப்பது அதுதான். அவர் கிராஃப் தாளில் கையால் வரைந்து, வளைவைத் தீர்மானிக்கும் பெசியர் புள்ளிகளைத் தட்டச்சு செய்து ஏற்றினார். முதல் மாடலில் கெண்டிக்கு அடிப்பாகமே கிடையாது! அசல் கெண்டி கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினிக் கெண்டியைவிட அது உயரமானது.

இதைச் சொல்வதற்குக் காரணம், கெண்டியை அவர் எடுத்ததில் இருக்கும் சாமர்த்தியம். உடம்பும் மூடியும் சுழற்சி வடிவம், ஒரு பக்கக்கோடு வரைந்தால் ரிவால்வில் முடிந்துவிடும். மூக்கும் கைப்பிடியும் மட்டும்தான் கஷ்டம். எளிதான பெரும்பகுதி, சவாலான சிறுபகுதி. திருகாணி, நீங்களும் அப்படி ஒன்றைத் தேடுங்கள்.

வரைகோடு:

இப்படிப்பட்ட பயிற்சி வேலைகளைத் திருத்துகிற இடத்தில் இருக்கிறேன், அதனால் மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மௌஸ் மாடல் கொண்டு வருகிறவர்கள் ஏராளம். ரெண்டர் பிரமாதமாக இருக்கும். "இந்தச் சுவர் ஏன் 2 மி.மீ.?" என்று கேட்டால் பதில் இருக்காது. "உள்ளே இந்த ரிப், அதாவது சுவரைத் தாங்கும் மெல்லிய விலா, ஏன் சுவரைவிட மெல்லிசாக இருக்கிறது?" என்றால் மென்பொருளில் அப்படி வந்துவிட்டது என்பார்கள். ரிப் பொதுவாகச் சுவர்த் தடிமனில் பாதி, மிஞ்சினால் அறுபது சதவீதம்தான் இருக்கும். தடித்தால், அச்சுக்குள் உருகிப் போன பிளாஸ்டிக் அந்த இடத்தில் மெதுவாகக் குளிர்ந்து சுருங்கி, வெளிப்பக்கம் பள்ளம் விழுந்துவிடும். பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மாதிரிக் கேள்வி கேட்கத்தானே பிரிக்கிறோம்?

என் ஓட்டு ஸ்டேப்ளருக்கு. அதில் ஒரு வசதி, வெளியிலிருந்து வரும் ஒரு தர அளவு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது: பின். பெட்டியில் 24/6 என்றோ 26/6 என்றோ போட்டிருக்கும். முதல் எண் கம்பியின் கேஜ், அதாவது தடிமனைக் குறிக்கும் எண், இரண்டாவது எண் காலின் நீளம், 6 மி.மீ. பின்னின் அகலம்தான் பின் ஓடும் பாதையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. பாதை, அதைச் சுற்றியிருக்கும் மேல்கூட்டை. கம்பியின் தடிமன்தான் பின்னை அடித்து இறக்கும் தகட்டின் தடிமனை. அதனால் ஸ்டேப்ளரின் உடம்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு பின்னை மாடல் செய்யுங்கள், பிறகு அதைச் சுற்றி ஸ்டேப்ளரைக் கட்டுங்கள். மற்ற அளவுகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பது தானாகப் புரியும்.

இன்னொன்று, உலோக ஸ்டேப்ளராக இருந்தால் பெரும்பாலும் தகட்டு வேலை. ஒரு பாகத்தில் ஒரு இடத்தில் தடிமன் அளந்தால் அந்தப் பாகம் முழுவதற்கும் அதுதான்.

சும்மா வந்தவன்:

துணி காயப்போடும் கிளிப்பை விட்டுவிட்டீர்களே! மூன்றே பாகம்: இரண்டு கட்டை, ஒரு ஸ்பிரிங். இரண்டு கட்டையும் ஒன்றேதான், திருப்பிப் போட்டால் சரி. 1853இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்மித் காப்புரிமை வாங்கிய ஸ்பிரிங் கிளிப்பின் வம்சம்.

வரைகோடு:

நல்ல பொருள்தான், முதல் தடவை செய்கிறவருக்கு. அதிலும் ஸ்பிரிங்தான் கவனிக்க வேண்டிய இடம். தனியே கழற்றினால் ஒரு வடிவம், மாட்டியிருக்கும்போது வேறு வடிவம், அழுத்தித் திறந்தால் இன்னொன்று. கழற்றி அளந்ததை அப்படியே அசெம்பிளியில் வைத்தால் கட்டைக்குள் புகுந்து நிற்கும். கால்களுக்கு இடையிலான கோணத்தை ஒரு மாறியாக வைத்து மாடல் செய்ய வேண்டும். ஸ்டேப்ளருக்கும் பேனாவுக்கும் இதே பாடம் பொருந்தும். அசெம்பிளி வரை கை பழகிய திருகாணிக்கு மூன்று பாகம் கொஞ்சம் குறைவு என்பது என் எண்ணம்.

திருகாணி:

அனைவருக்கும் நன்றி. மௌஸை மூட்டை கட்டிவிட்டேன். ஸ்பூனைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு, கையில் எடுத்து அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய பட்டறை சார் சொன்னது சரிதான், எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

இப்போது ஸ்டேப்ளரா, கிளிக் பேனாவா என்பதுதான் கேள்வி. பேனாவில் அந்த கிளிக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒருமுறை அழுத்தினால் வெளியே நிற்கிறது, மறுமுறை அழுத்தினால் உள்ளே போகிறது. அழுத்துவது என்னவோ ஒரே மாதிரிதான்.

பழைய பட்டறை:

பேனா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்குப் பிடித்த பொறி அது.

உள்ளே முக்கியமாக மூன்று பேர். மேலே நீங்கள் அழுத்தும் பட்டனின் அடியில் ரம்பம் மாதிரிச் சாய்வான பற்கள். அதற்குக் கீழே ஒரு சுழலும் துண்டு, அதன் தலையிலும் சாய்வு, பக்கவாட்டில் நீட்டு மேடுகள். மூன்றாவது, பேனாக் குழலின் உட்சுவரில் செதுக்கிய பள்ளங்கள். ரீஃபிலைத் தள்ளிக்கொண்டு கீழே ஒரு ஸ்பிரிங்.

அழுத்தும்போது பட்டன் அந்தச் சுழல்துண்டைக் கீழே தள்ளும். அதன் மேடுகள் குழலின் பள்ளத்துக்குள் இருக்கும் வரை அது சுழல முடியாது, நேராக இறங்கும். பள்ளம் முடிகிற இடத்தைத் தாண்டியதும் பிடி விட்டுவிடும். பல்லின் சாய்வு அதைச் சற்றே திருப்பும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் மேலே தள்ளும், இப்போது குழலின் சாய்வில் சறுக்கி மீதியையும் திரும்பி, ஆழமில்லாத நிறுத்தத்தில் போய் உட்காரும். முனை வெளியே. அடுத்த அழுத்தலில் அதே மாதிரி திரும்பி ஆழமான பள்ளத்துக்குள் விழும். முனை உள்ளே. ஒரே அழுத்தல்தான், உட்காரும் இடம்தான் மாறிமாறி வருகிறது. ஆழப் பள்ளம் 4, ஆழமில்லாத நிறுத்தம் 4 என்று இருந்தால் ஒரு கிளிக்குக்கு 45 டிகிரி. எண்ணிக்கை பேனாவுக்குப் பேனா மாறும். உங்களுடையதை எண்ணிக்கொள்ளுங்கள்.

அளப்பது எப்படி? பட்டனும் சுழல்துண்டும் கையில் வந்துவிடும். அந்தப் பற்களை காலிப்பரால் அளக்கப் போகாதீர்கள், தாடை நுழையாது. ஸ்டாம்ப் மையில் பற்களை லேசாக ஒற்றி, வெள்ளைத் தாளின் மேல் ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். மேடுகளும் பல்லின் விளிம்பும் விரித்த பாய் மாதிரி தாளில் பதியும். அதை ஸ்கேன் செய்து, சுற்றளவை வைத்து அளவு சரிசெய்யுங்கள். துண்டின் வெளிவிட்டம் 6 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 18.85 மி.மீ. வர வேண்டும். 8 இடமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 2.36. பதிவு நழுவாமல் உருண்டிருக்கிறதா என்பதையும் இந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும். பிறகு மென்பொருளில் அந்தத் தட்டைக் கோட்டை உருளைமேல் சுற்றிவிடலாம், 'ராப்' என்று பெரும்பாலானவற்றில் ஒரு கட்டளை உண்டு.

குழலின் உட்பக்கம்தான் கஷ்டம். ஒரே மாதிரி இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குழலை நீளவாக்கில் மெல்லிய ரம்பத்தால் அறுத்து இரண்டு பாதியாக்குங்கள். இன்னொன்று முழுசாக இருக்கட்டும், சரிபார்க்க வேண்டும். அறுக்க மனமில்லை என்றால் மாடலிங் களிமண்ணை உள்ளே அழுத்தி எடுத்து அச்சுப் பார்க்கலாம். ஆனால் வெளியே இழுக்கும்போது நீளும். அறுப்பதுதான் உத்தமம்.

இணைக்கும் மறை பற்றி ஒரு எச்சரிக்கை. உலோக ஸ்க்ரூவில் எம்3 (3 மி.மீ. விட்டம்) என்றால் பிட்ச், அதாவது முகட்டுக்கு முகடு தூரம், 0.5, எம்4 என்றால் 0.7, எம்5 என்றால் 0.8 என்று அட்டவணை பார்த்தால் போதும். பேனாவின் பிளாஸ்டிக் மறை அட்டவணையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல முகடுகளின் மொத்தத் தூரத்தை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பிட்ச் கண்டுபிடியுங்கள். முகடுகள் 6 என்றால் இடைவெளி 5.

கோணமானி:

அளவெடுப்பதுதான் என் தொழில் என்பதால் என் பங்குக்கு. பொருள் எதுவானாலும் பொருந்தும்.

காலிப்பரின் திரை 0.01 மி.மீ. வரை காட்டும். அதற்காக 0.01 வரை சரி என்று அர்த்தமில்லை. சாதாரண டிஜிட்டல் காலிப்பரில் 0.02, 0.03 இங்கே அங்கே இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தால் சுவரே அமுங்கி அளவு குறைந்துவிடும். சின்னத் துளையை உள்தாடையால் அளந்தால், தாடையின் முனை தட்டையாக இருப்பதால் எப்போதும் உண்மை விட்டத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். 5 மி.மீ.க்குக் கீழே இருக்கும் துளைகளுக்கு டிரில் பிட்டின் வழவழப்பான காம்பை நுழைத்துப் பாருங்கள். 3.0 நுழைந்து 3.1 நுழையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்குப் போடாமலே எடுக்க ஒரு வழி. இரண்டு துளையும் ஒரே அளவு என்றால் மட்டும். உள்தாடையை ஒரு துளைக்குள் விட்டு அதன் விட்டத்தில் நிறுத்தி, பூஜ்யம் பட்டனை அழுத்துங்கள். பிறகு ஒரு தாடையை முதல் துளையிலும் மற்றதை இரண்டாவதிலும் விட்டு, வெளியோரத்திலிருந்து வெளியோரம் வரை விரியுங்கள். திரையில் இருப்பது மையத்திலிருந்து மையம். தாடையின் தட்டை முனையால் வந்த பிழையும் இரண்டு இடத்திலும் ஒன்றேயானதால் கழிந்துபோகும்.

அடுத்தது, அளந்த எண்ணை அப்படியே மாடலில் போடாதீர்கள். 12.68 வந்தால் வடிவமைத்தவர் 12.68 என்று போட்டிருக்க மாட்டார். 12.7 என்றிருப்பார், அதாவது அரை அங்குலம். 6.35, 3.18, 25.4 என்று எங்காவது வந்தால் உங்கள் பொருளின் மூதாதை அங்குலக் கணக்கில் பிறந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். 7.96 என்றால் 8. பிளாஸ்டிக்கில் சுருக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அச்சிலிருந்து வெளியே வந்து 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும், பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2.5 வரை போகும். அச்சு செய்பவர் சுருக்கத்துக்குக் கூட்டித்தான் வைப்பார். அது முழுக்கச் சரியாக அமையாதபோது உங்கள் கையில் இருப்பது வடிவமைப்பு அளவிலிருந்து சற்றே விலகி நிற்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ரவுண்டு பண்ணவும் கூடாது. ஒரு முளை 3.95, அது உட்காரும் துளை 4.05 என்று வந்தால் இரண்டையும் 4 ஆக்கிவிட்டால் பொருத்தமே காணாமல் போய்விடும். அந்த 0.1 மி.மீ. இடைவெளி யாரோ யோசித்து வைத்தது. அதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே.

பெட்டி மாதிரியான பிளாஸ்டிக் பாகத்தில் வாயிலும் அடியிலும் தனித்தனியே அளங்கள். 10 மி.மீ. உயரத்தில் மேலே 14.2, கீழே 14.0 என்றால் ஒரு பக்கத்துக்கு 0.1, அதாவது சுமார் அரை டிகிரி சாய்வு. அச்சிலிருந்து பாகம் உரசாமல் கழன்று வர அந்த டிராஃப்ட் வேண்டும். அதைக் கண்டால் அச்சு எந்தத் திசையில் திறந்தது என்று தெரிந்துவிடும். உட்பக்கத்தில் வட்ட வட்டமாகத் தெரியும் தடங்கள் பாகத்தைத் தள்ளிவிட்ட எஜெக்டர் பின்கள். அவையும் அதே திசையைச் சொல்லும்.

கை சரியாக இருக்கிறதா என்று முதலில் சோதிக்க ஒரு லெகோ கட்டையை அளந்து பாருங்கள். குமிழ் விட்டம் 4.8, குமிழ் விட்டுக் குமிழ் 8, குமிழ் இல்லாமல் உயரம் 9.6. உங்கள் எண்கள் இதற்குப் பக்கத்தில் வந்தால் தைரியமாக மற்றதில் இறங்கலாம்.

சும்மா வந்தவன்:

சார், இவ்வளவும் செய்து முடித்த பிறகு மாடல் சரி என்று எப்படித் தெரியும்? அளந்ததையே வைத்து வரைந்தால் அளந்த இடத்தில் சரியாகத்தான் இருக்கும். அளக்காத இடம்?

கோணமானி:

நல்ல கேள்வி. தராசு. மாடலின் கனஅளவை மென்பொருள் சொல்லும், அடர்த்தியால் பெருக்கினால் எடை. எஃகு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7, ஏபிஎஸ் 1.05, பாலிபுரோப்பிலீன் 0.9. எந்த பிளாஸ்டிக் என்று தெரியவில்லை என்றால் தண்ணீரில் போடுங்கள். பாலிபுரோப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். பாகத்தின் உட்பக்கத்திலேயே முத்திரையும் குத்தியிருக்கலாம்.

மாடலில் 4.2 கன செ.மீ., ஏபிஎஸ் என்றால் சுமார் 4.4 கிராம் வர வேண்டும். தராசில் 3.6 நின்றால் எங்கோ உள்ளே ஒரு குழிவை விட்டிருக்கிறீர்கள், அல்லது சுவர் ஒரு பக்கம் மெலிந்துபோவதைப் பார்க்கவில்லை. 4.3 என்றால் நிம்மதி. இதற்கு 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். ஸ்டேப்ளர் பின் மாதிரி மிகச் சிறியவற்றை ஒரு பட்டையாகவே நிறுத்து எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம்.

அதனால் என் கணக்கில், பாகங்களைத் தனித்தனியே கழற்றி நிறுக்க முடியாத பொருளைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. ஒட்டி மூடியது, அல்ட்ராசானிக்கில் உருக்கிச் சேர்த்தது, இவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ தெரிய வேண்டும், அல்லது உடையாமல் கழலும் பூட்டு இருக்க வேண்டும்.

வரைகோடு:

அதோடு, மின்சாரத்தில் நேராகச் செருகும் எதையும் பயிற்சிக்காகத் திறக்காதீர்கள். சார்ஜர், அடாப்டர், பழைய கேமராவின் ஃபிளாஷ், எல்லாவற்றிலும் கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஃபிளாஷில் அது 300 வோல்ட் அளவுக்குப் போகும். லித்தியம் பேட்டரி ஒட்டிய பொருட்களும் அப்படியே, ஸ்க்ரூ டிரைவர் முனை பட்டாலே வினை.

ஸ்டேப்ளரைப் பிரிப்பதானால் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள். பின்னைத் தள்ளும் ஸ்பிரிங் எகிறினால் மேசைக்கடியில் தவழ்ந்து தேட வேண்டியிருக்காது. கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷ்மாயாவி:

மென்பொருள் எது என்று யாரும் பேசவில்லையே? ஃப்ரீகேட் 1.0 நவம்பர் 2024இல் வந்ததிலிருந்து அசெம்பிளி உள்ளேயே இருக்கிறது. முகங்களின் பெயர் மாறி ஸ்கெட்ச் உடைந்துபோகும் பழைய தொல்லையும் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் நீங்கள் செய்வது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், அது பரவாயில்லை என்றால் நல்ல கருவி.

பழைய பட்டறை:

எது கையில் பழகியிருக்கிறதோ அது போதும். ஃபில்லட்டை மட்டும் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டுவிட்டு அந்த வளைந்த விளிம்பைப் பிடித்து அடுத்த ஸ்கெட்ச் வரைந்தால், பிறகு ஒரு அளவை மாற்றும்போது வரிசையாகச் சிவப்புப் பிழைக்குறி விழும்.

பேனாவா ஸ்டேப்ளரா என்பதில் வரைகோடு மேடத்தோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. ஸ்டேப்ளரில் பாகம் அதிகம், ரிவெட் அடித்திருந்தால் முழுசாகப் பிரிக்கவும் முடியாது. பேனாவில் பாகம் குறைவு, ஆனால் ஒவ்வொன்றிலும் யோசிக்க விஷயம் இருக்கிறது. பிளாஸ்டிக் அச்சு, டிராஃப்ட், பல் பொறி, ஸ்பிரிங், மறை, எல்லாம் விரல் நீளத்துக்குள். நான் பேனா.

வரைகோடு:

சார், அந்தச் சுழல்துண்டின் பற்கள் ஒரு மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும் சாய்வுகள். அங்கே காலிப்பர் தோற்றுவிடும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மைப்பதிவில் வரும் கோட்டின் தடிமனே 0.2, 0.3 இருக்கும். அந்தப் பிழையோடு செய்த மாடலில் பொறி கணினியில் சுழலுமா? முதல் முறை செய்கிறவருக்கு அளவு பெரிதாக இருப்பது பெரிய நிம்மதி. ரிவெட் பிரச்சினைக்குப் பதில், அச்சாணியைத் தள்ளிக் கழற்றக்கூடிய ஸ்டேப்ளராகப் பார்த்து எடுப்பது.

பழைய பட்டறை:

சுழல வைக்கலாம். பொறி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பல்லின் சாய்வை நாமே தீர்மானித்து, மைப்பதிவை ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் சொல்வதும் நியாயம்தான், அது இரண்டாவது வேலையாகச் செய்ய வேண்டியது. விட்டுக்கொடுக்கிறேன்.

திருகாணி:

முடிவு செய்துவிட்டேன்: ஸ்டேப்ளர். அச்சாணி கழலும் வகை கிடைத்தது. பைக்குள் வைத்தே பிரித்தேன், ஸ்பிரிங் பைக்குள்ளேயே எகிறியது. வரைகோடு மேடம் சொன்னபடி பின்னில் ஆரம்பித்தேன். பின்னின் வெளி அகலம் 12.7 பக்கத்தில் வருகிறது. பின்னைச் சூழ்ந்திருக்கும் மேல்கூட்டின் உள் அகலம் அதைவிட 0.3 மி.மீ. கூடுதல், அதை ரவுண்டு பண்ணாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு இடத்தில் நிற்கிறேன். அடியில் பின்னின் கால்களை மடக்கும் சின்னத் தகடு, அதில் இரண்டு ஜோடிக் குழிவுகள் இருக்கின்றன. தகட்டைத் திருப்பினால் கால் உள்பக்கம் மடங்குவதற்குப் பதில் வெளிப்பக்கம் மடங்குகிறது. குழிவின் அடி வளைவாக இருக்கிறது, ஆழம் மிகக் குறைவு. காலிப்பரின் ஆழக்கம்பி அதற்குள் உட்காரவே இல்லை. எப்படி அளப்பது?

கோணமானி:

குழிவை அளக்காதீர்கள், அதிலிருந்து வெளிவந்ததை அளங்கள். தடித்த அட்டையில் ஒரு பின் அடியுங்கள். பிடுங்கினால் கால் நேராகிவிடும், அதனால் அட்டையைச் சுற்றிலும் வெட்டி, நனைத்து உரித்து எடுங்கள். மடங்கிய கால் வந்துவிடும். பின்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து 1200 டிபிஐ-யில் ஸ்கேன் எடுங்கள். காலின் வெளிவளைவில் மூன்று புள்ளி வைத்து வட்டவில் வரைந்தால் ஆரம் கிடைக்கும். கம்பி விட்டதும் சற்றே நிமிரும் என்பதால் குழிவின் ஆரம் இதைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். அதைத் தொடக்கமாக வையுங்கள். தகட்டின்மேல் மெல்லிய களிமண் அழுத்தி எடுத்து, குறுக்கே வெட்டி, அதையும் ஸ்கேன் செய்து ஒத்துப் பாருங்கள். ஆழம் இவ்வளவு குறைவு என்றால் களிமண் நீளும் பிரச்சினை இங்கே வராது.

வரைகோடு:

மாடலில் வட்டவில்லைப் பாதையாக வைத்து, கம்பியின் அகலத்தைவிடச் சற்றே பெரிய வட்டத்தை அதன் வழியே ஸ்வீப் கட் செய்யுங்கள். ஒரு குழிவு செய்தால் போதும், மற்றதை மிரர் செய்யலாம். வெளிப்பக்கம் மடக்கும் ஜோடியைத் தனி ஸ்கெட்சாகச் செய்யுங்கள், அதன் இடைவெளி வேறு. தகடு சுழலும் அச்சை அசெம்பிளியில் பூட்டிவிடாதீர்கள், 180 டிகிரி திரும்பட்டும்.

திருகாணி:

அட்டையில் பின் அடித்தாகிவிட்டது, நனைய வைத்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்ததும் இங்கேயே போடுகிறேன்.